ரத்தப் புற்றுநோய்க் குழந்தைக்கு சத்து டானிக் கொடுக்கலாமா?

சின்னாளப்பட்டி மாதிரி நெசவு ஊரில் ஒரு வீட்டுக் குழந்தை படுத்துவிட்டால், அது அந்த வீட்டோடு போகிற சமாச்சாரம் இல்லை. பக்கத்துத் தறிக்காரர் விசாரிப்பார். பாவு போடுகிற இடத்தில் பேச்சு அடிபடும். அதுவும் 'ரத்தப் புற்றுநோய்' என்று மதுரையிலோ சென்னையிலோ டாக்டர் சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆளாளுக்கு வருவார்கள். வரும்போது கையில் ஒரு பாட்டிலும் இருக்கும்.

"புள்ள உடம்புல ரத்தமே இல்லையேம்மா... இந்த ரத்த விருத்தி டானிக்கைக் குடு. ஒரே மாசத்துல தேறிடும்!"

"ஊசி மருந்து சூடு தாங்காது. சத்து மாத்திரை சேர்த்துக் குடுத்தாத்தான் புள்ள நிக்கும்!"

அவர்கள் அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால், அந்த பாட்டிலின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அதில் இருக்கும் ஒரு வைட்டமின், டாக்டர் கொடுக்கிற மருந்துக்கு நேர் எதிரியாக இருக்கலாம். அதே சமயம், உடம்பில் வைட்டமின் குறைந்துபோன குழந்தைகளை கீமோதெரபியின் பக்கவிளைவுகள் கூடுதலாகப் படுத்துகின்றன என்றும் ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

"கொடுக்கவும் கூடாது, கொடுக்காமலும் இருக்கக் கூடாதா? என்னங்க குழப்புறீங்க?" என்கிறீர்களா? குழப்பமே வேண்டாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நோய் என்ன செய்கிறது?

நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் இடம். அங்கே முதிராத வெள்ளணுக்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகி, இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்வதுதான் ரத்தப் புற்றுநோய். சிவப்பணு உருவாக இடமில்லை. குழந்தை வெளிறிப் போகிறது. தட்டணு குறைகிறது; ஈறில் ரத்தம் கசிகிறது, அடிபடாமலே உடம்பில் நீலம் பாரிக்கிறது. நல்ல வெள்ளணு இல்லை. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. "கால் வலிக்குதும்மா, தூக்கிக்கோ" என்று நன்றாக ஓடியாடின பிள்ளை அழுவதும் ஓர் அறிகுறிதான்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். அதிலும் பெரும்பாலானோருக்கு வருவது ஏ.எல்.எல். என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லும் வகை. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அதிகமாகத் தலைகாட்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். வெளிறிப்போன குழந்தைக்கெல்லாம் புற்றுநோய் இல்லை. இரும்புச்சத்துக் குறைவு, ஃபோலிக் அமிலக் குறைவு, பி12 குறைவு என்று சோகைக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் சோகை என்று நாமே முடிவு கட்டி மாதக் கணக்கில் டானிக் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. வெளிறலோடு காய்ச்சல், எலும்பு வலி, நெறிக்கட்டி, ரத்தக்கசிவு இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால், உடனே முழு ரத்தப் பரிசோதனை செய்து, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பரப்பி மைக்ராஸ்கோப்பிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

குணமாகுமா?

ஆகும். இன்றைக்கு வசதியுள்ள நாடுகளில் ஏ.எல்.எல். வந்த 100 குழந்தைகளில் 90 பேர் வரை பிழைத்துக்கொள்கிறார்கள். நம் ஊரிலும் நிலைமை வெகுவாக மாறிவிட்டது. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உருவான சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், மும்பை டாடா நினைவு மருத்துவமனையும், டெல்லி எய்ம்ஸும் 1984-ல் அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகத்தோடு கைகோத்து ஒரே மாதிரியான சிகிச்சை முறையை ஆரம்பித்தன. எம்.சி.பி.841 என்று அதற்குப் பெயர். அதற்கு முன்பு ஐந்தில் ஒரு குழந்தை தேறினாலே பெரிய விஷயம். அந்த முறை வந்த பிறகு, பத்தில் நாலிலிருந்து ஆறு குழந்தைகள் வரை நோய் திரும்பாமல் நாலு வருஷத்தைத் தாண்டினார்கள். அதற்குப் பிறகு சிகிச்சை இன்னும் மேம்பட்டிருக்கிறது.

ஆனால் இந்த சிகிச்சை இரண்டு, மூன்று வருஷம் நீள்கிறது. அந்த நாட்களில்தான் வைட்டமின் விஷயம் முக்கியமாகிறது.

ஒரு வைட்டமின், ஒரு மருந்து

இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காரணம், இதில் நம் சென்னை மருத்துவக் கல்லூரியும் வருகிறது.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி மில்லில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் கர்ப்பமாகும்போது கடுமையான சோகை வந்து இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஈஸ்ட் சாரத்தைக் கொடுத்துப் பார்த்தார். சோகை மாயமாய் மறைந்தது! அதில் இருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. 1941-ல் கீரை இலையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீன் மொழியில் 'ஃபோலியம்' என்று பெயர், அதுதான் ஃபோலிக்.

எல்லப்பிரகட சுப்பாராவ், ஆந்திராவின் பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது கதர் அங்கி அணிந்ததால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். 1923-ல் அமெரிக்கா போனார். லெடர்லே மருந்துக் கம்பெனியில் அவருடைய குழுதான் 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது.

அடுத்து நடந்ததுதான் திருப்பம். போஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலக் குடும்பத்தைச் சேர்ந்த சத்தைக் கொடுத்துப் பார்த்தார். சோகை தீரும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் நோய் வேகமெடுத்தது! புற்று அணுவும் பெருகுவதற்கு அதே வைட்டமினைத்தான் தின்கிறது என்று புரிந்தது. அப்படியானால் அந்த வைட்டமினைத் தடுத்தால்? சுப்பாராவ் குழு தயாரித்த ஃபோலிக் அமில எதிர்ப்பு மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948 ஜூனில் அந்தச் செய்தி வெளியானது. அதே வருஷம் ஆகஸ்டில் சுப்பாராவ் காலமாகிவிட்டார்.

அந்த மருந்தின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். இன்றைக்கும் ஏ.எல்.எல். சிகிச்சையின் தூண்களில் ஒன்று. இப்போது யோசியுங்கள்... ஒரு பக்கம் டாக்டர் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்க மருந்து கொடுக்கிறார். இன்னொரு பக்கம் நீங்கள் டானிக் பாட்டிலில் அதே ஃபோலிக் அமிலத்தை ஊற்றிக் கொடுத்தால்?

அப்படியானால் வைட்டமினே வேண்டாமா?

அவசரப்படாதீர்கள். மறுபக்கமும் இருக்கிறது.

மெத்தோட்ரெக்ஸேட்டுக்குப் புற்று அணு எது, நல்ல அணு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வேகமாகப் பெருகும் எல்லா அணுக்களையும் தாக்கும். வாயின் உள்தோல், குடல், மயிர்க்கால், மஜ்ஜை எல்லாமே அந்த ரகம். அதனால்தான் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, முடி கொட்டுதல், ரத்த அணுக் குறைவு. ஏற்கெனவே சத்துக் குறைந்த பிள்ளை இதைத் தாங்கத் திணறும்.

லக்னோவில் கிங் ஜார்ஜ் மருத்துவப் பல்கலைக்கழக டாக்டர்கள் ஏ.எல்.எல். குழந்தைகளைச் சிகிச்சையின் தொடக்க வாரங்களில் கவனித்து 2015-ல் எழுதியிருக்கிறார்கள். ஃபோலிக் அமிலம் குறைவாக இருந்த குழந்தைகளுக்கு வெள்ளணுவும் தட்டணுவும் அதிகமாகச் சரிந்தன. கிருமித் தொற்றால் இறப்பதும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது.

அதற்கு முன்பே 2004-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 103 ஏ.எல்.எல். குழந்தைகளின் சாப்பாட்டை ஆறு மாதம் கணக்கெடுத்தார்கள். வைட்டமின் சி கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு சிகிச்சை தள்ளிப்போவது குறைவு, பக்கவிளைவும் குறைவு, ஆஸ்பத்திரியில் படுத்த நாட்களும் குறைவு. வைட்டமின் ஈ அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்குக் கிருமித் தொற்று குறைவாக இருந்தது.

இதைப் படித்ததும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடிவிடாதீர்கள்! அது சாப்பாட்டைக் கணக்கெடுத்த ஆராய்ச்சி. நன்றாகச் சாப்பிட முடிந்த குழந்தை ஆரம்பத்திலேயே கொஞ்சம் தெம்பான குழந்தையாகவும் இருந்திருக்கலாம். மாத்திரையாக அள்ளிக் கொடுத்தால் இதே பலன் கிடைக்கும் என்று அது நிரூபிக்கவில்லை.

ஆக, விஷயம் இவ்வளவுதான். சாப்பாட்டில் வைட்டமின் வேண்டும், தாராளமாக. மாத்திரையில் வேண்டுமா என்பதை ரத்தப் பரிசோதனையும் டாக்டரும்தான் சொல்ல வேண்டும்.

எந்த வைட்டமினில் என்ன கவனம்?

ஃபோலிக் அமிலம்: தானாக வாங்கிக் கொடுக்கவே கூடாது. ரத்த விருத்தி டானிக், பி-காம்ப்ளெக்ஸ், மல்டி வைட்டமின் பலவற்றிலும் இது கலந்திருக்கும், லேபிளைப் படியுங்கள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்பு-ஃபோலிக் மாத்திரையும் இதே கூட்டுதான். உங்கள் பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி, டாக்டர் சம்மதம் இருந்தால் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட் ஏற்றிய பிறகு ஆஸ்பத்திரியில் 'லூக்கோவோரின்' கொடுப்பார்கள். அதுவும் ஃபோலிக் குடும்பம்தான். ஆனால் அது மணி பார்த்து, அளவு பார்த்துக் கொடுக்கும் காப்பு மருந்து. அதை ஒரு வேளை தவறவிட்டாலும் ஆபத்து.

இரும்புச்சத்து: சிகிச்சையின்போது பல தடவை ரத்தம் ஏற்றுவார்கள். ஏற்றும் ஒவ்வொரு பாட்டில் ரத்தத்தோடும் இரும்பு உள்ளே போகிறது. அது ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கும்போது இரும்பு டானிக் எதற்கு?

வைட்டமின் டி: பிரட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் எலும்பை பலவீனமாக்கும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரிலும் வைட்டமின் டி குறைவு சர்வசாதாரணம். அதனால் இதன் அளவைப் பரிசோதிக்க முடியுமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். குறைவு என்றால் அவர் எழுதித் தருவார். 60,000 யூனிட் பொட்டலத்தை 'வாரம் ஒண்ணு' என்று சொன்னால் வாரம் ஒன்றுதான். தினம் ஒன்று கொடுத்தால் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகப் பாதிப்பும் வரும். இடுப்பிலோ முழங்காலிலோ விடாத வலி இருந்தாலும் சொல்லுங்கள்.

பி12: நம் வீட்டுத் தோட்டத்திலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவதுதான் வின்கிரிஸ்டின் ஊசி மருந்து. அது நரம்பைத் தொடும். மலச்சிக்கல், தாடை வலி, காலைத் தூக்கி வைக்க முடியாமல் இழுத்து நடப்பது எல்லாம் அதனால் வரலாம். பி12 குறைந்தாலும் நரம்புதான் கெடும். இரண்டும் சேர்ந்தால்? முட்டை, மீன், பால் எதுவும் சேராத வீட்டுப் பிள்ளை என்றால் இதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

வைட்டமின் ஏ: ஏ.பி.எல். என்ற வேறொரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு வைட்டமின் ஏ-யிலிருந்து உருவான மருந்தே சிகிச்சை. 1988-ல் ஷாங்காய் டாக்டர்கள் அதை உலகுக்குச் சொன்னார்கள். இதைக் கேள்விப்பட்டு, 'ரத்தப் புற்றுநோய்க்கு வைட்டமின் ஏ நல்லதாம்' என்று மாத்திரை வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. வேண்டாம்! ஏ.எல்.எல்.லுக்கு அது மருந்து இல்லை. அளவு மிஞ்சினால் கல்லீரல் கெடும். கடும் தலைவலி வரும்.

தட்டில் என்ன வைப்பது?

நீங்கள் இருப்பது திண்டுக்கல் சீமை. உங்களுக்கு என்ன குறை? ஆயக்குடி கொய்யா, சிறுமலை வாழைப்பழம், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வந்து இறங்கும் முருங்கையும் காய்களும் போதாதா?

ஆரஞ்சைப் போல மூன்று, நான்கு மடங்கு வைட்டமின் சி கொய்யாவில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் விலை கொடுத்து வாங்கிவரும் ஆரஞ்சுக்கு நம் ஊர்க் கொய்யா இளைத்ததில்லை. நெல்லிக்காயில் அதைவிடவும் அதிகம். கேரட், பப்பாளி, முருங்கைக்கீரையில் பீட்டா கரோட்டின். வேர்க்கடலையில் வைட்டமின் ஈ. பாசிப்பயறு, கீரையில் ஃபோலிக் சத்து. "கீரையில இருக்கிற ஃபோலிக் மட்டும் பரவாயில்லையா?" என்று கேட்பீர்கள். வழக்கமாகச் சாப்பிடும் அளவு கீரையால் பயமில்லை. மாத்திரையாகக் குவிவதுதான் பிரச்னை.

வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் சுத்தம்தான் முதல் வைட்டமின்! பழத்தை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, தோல் சீவி, உடனே கொடுங்கள். வாழைப்பழம் வசதி. முட்டையை மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேக வையுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றுங்கள். கடையில் நறுக்கி வைத்த பழம், ரோட்டோர ஜூஸ், ஐஸ், காய்ச்சாத பால் வேண்டவே வேண்டாம். அதற்காகப் பழம், காய் எல்லாவற்றையும் அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. அமெரிக்காவில் புற்றுநோய்க் குழந்தைகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். கடுமையான பத்தியம் இருந்தவர்களுக்கும், சுத்தமாகச் சமைத்து எல்லாம் சாப்பிட்டவர்களுக்கும் தொற்றில் வித்தியாசமில்லை. உங்கள் ஆஸ்பத்திரி வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள்.

வாய்ப்புண் வந்தால் காரம், புளி வேண்டாம். குழைந்த சாதம், ஆறின கஞ்சி, பாலில் ஊறின இட்லி கொடுங்கள். சாப்பிட்ட பிறகு டாக்டர் சொன்ன முறையில் உப்பு அல்லது சமையல் சோடா கரைத்த நீரில் வாய் கொப்பளிக்க வையுங்கள்.

ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களில் பிள்ளை 'பசி, பசி' என்று அலறும். அப்போது மிக்சர், அப்பளம், ஊறுகாய், மிட்டாய் என்று நீட்டாதீர்கள். ஸ்டீராய்டால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். சுண்டல், முட்டை, இட்லி, பழம் கொடுங்கள்.

கேள்வி... பதில்!

"தட்டணு ஏற பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?"

வேண்டாம். கீமோதெரபியால் குறைந்த தட்டணுவை அது ஏற்றும் என்பதற்கு நிரூபணம் இல்லை. பச்சை இலையை அரைத்துக் குடித்தால் அதோடு கிருமியும் உள்ளே போகலாம். தேவைப்பட்டால் தட்டணு ஏற்றுவார்கள். உறவினர்கள் உதவ நினைத்தால், டானிக்குக்குப் பதில் ரத்தமும் தட்டணுவும் தானம் கொடுக்கட்டும். அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

"நாட்டு மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறோம். டாக்டர் திட்டுவாரே?"

திட்டினாலும் சொல்லிவிடுங்கள். கல்லீரலில்தான் பல மருந்துகளும் சேர்ந்து கரைகின்றன. மறைத்தால், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கோளாறு தெரியும்போது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாமல் கீமோவையே நிறுத்த வேண்டி வரும்.

"காய்ச்சல் அடிக்கிறது. விடியட்டும் என்று பார்க்கலாமா?"

கூடவே கூடாது! கீமோ நடக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசர கேஸ். நடு ராத்திரியானாலும் கிளம்புங்கள். 108-க்கு போன் போடுங்கள். டாக்டரைக் கேட்காமல் பாரசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை அமுக்காதீர்கள். சின்னாளப்பட்டியிலிருந்து திண்டுக்கல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஊசியை அங்கேயே போட்டுவிட்டு மதுரைக்குப் போகலாமா என்று உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாங்க முடியாத வயிற்றுவலி, நிற்காத ரத்தக்கசிவு, வலிப்பு, மூச்சுத்திணறல், அம்மை போட்டவர்களோடு பழகியது... இவற்றுக்கும் தாமதம் கூடாது.

மாத்திரை நாட்களில்தான் உஷார்!

முதல் ஆறேழு மாதம் ஊசியும் ஆஸ்பத்திரியுமாகப் போகும். அதற்கப்புறம் வீட்டிலேயே மாத்திரை. முடி வளர்ந்துவிடும், கன்னம் உப்பும், பிள்ளை தெருவில் ஓடும். அப்போதுதான், "நல்லாத்தானே இருக்கான்... இன்னும் எதுக்கு மதுரைக்கும் மெட்ராஸுக்கும் அலையணும்? ரெண்டு நாள் தறி நின்னா யார் சோறு போடுவா?" என்ற பேச்சு வரும். நியாயமான கஷ்டம்தான். ஆனால் ஒளிந்திருக்கும் கடைசிப் புற்று அணுக்களைத் தீர்ப்பது அந்த மாத்திரைகள்தான். பாதியில் விட்டால் நோய் திரும்பும். திரும்பினால் இரண்டாவது தடவை அடக்குவது கடினம்.

மெர்காப்டோப்யூரின் மாத்திரை தினமும். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள். இதை மாற்றி, மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் அந்தக் கிழமையைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். நம் நாட்டில் சிலருக்குப் பிறவியிலேயே மெர்காப்டோப்யூரின் உடம்பில் அதிகமாகத் தங்கிவிடும். அணுக்கள் சட்டென்று இறங்கும். அதனால்தான் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். 'சும்மா சும்மா ரத்தம் எடுக்கிறாங்க' என்று தவிர்க்காதீர்கள்.

பணத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கொடுத்த மாத்திரை, காய்ச்சல், எடை, ரத்த எண்ணிக்கை, டாக்டர் எழுதிய வைட்டமின் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் அதை டாக்டர் முன்னால் விரித்து வைத்து, "இவனுக்கு வைட்டமின் டி, பி12, ஃபோலிக் எல்லாம் எப்படிங்க இருக்கு? ஏதாவது சேர்க்கணுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர் எழுதிக் கொடுத்தால் டானிக். இல்லாவிட்டால் ஆயக்குடிக் கொய்யா!